ஒரு புள்ளி குறைந்தால்

2020ஆம் ஆண்டு ஜனவரியில் திருவாதிரை விண்மீன் ஒளி மங்கிற்று. வெடிக்கப் போகிறதோ என்று பத்திரிகைகள் எழுதின. மக்ரிப் தொழுதபின், திருவையாற்றுக் காவிரிப் படித்துறையில் பிள்ளைகளுக்கு நாம் அதைச் சுட்டிக் காட்டினோம். அறிந்தவர் என்ற பெயரைக் காக்கும் ஆசையில், "விண்மீன் மடியும்போது காமாக் கதிர் வெடிப்பு உண்டாகும், சூரியன் ஆயுள் முழுதும் சிந்தும் ஆற்றலைச் சில நொடிகளில் கொட்டிவிடும்" என்றோம்.

"நம்ம ஊர் மேலயும் கொட்டுமா ஹஜ்ரத்?" என்றான் ஒரு சிறுவன்.

"அல்லாஹ் அறிவான்" என்று சொல்லி நடந்துவிட்டோம். மறுநாள் முதல் அவன் மாலைப் பாடத்துக்கு வரவில்லை. இருட்டினால் வாசலுக்கே வர அஞ்சுகிறான் என்று அவன் தாயார் சொல்லியனுப்பினார்.

அதன்பிறகே நூல்களைப் புரட்டினோம். பாடத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை அது! அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா ஏவிய வேலா துணைக்கோள்களே 1967இல் இவ்வெடிப்பை முதலில் கண்டன. நெடிய வெடிப்புகள் பெரும்பாலும், ஹைட்ரஜன் போர்வையை இழந்து வேகமாகச் சுழலும் பெரும் விண்மீன்களின் கரு இடிந்து விழுகையில் பிறப்பவை. 2003 மார்ச் 29இல் வெடிப்புத் தோன்றிய அதே இடத்தில், சில நாட்களில் சூப்பர்நோவாவும் புலப்பட்டது. குறுகியவை இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால் நேர்வன என்பதற்கு 2017 ஆகஸ்ட் 17 சான்று தந்தது. திருவாதிரையோ தன் தடித்த போர்வையை இன்னும் கழற்றவில்லை. அது வெடித்தால் வானில் பேரொளி தெரியும். இத்தகைய கதிர்ப்பாய்ச்சலை எதிர்பார்ப்பதற்கில்லை.

பொருத்தமற்ற இரண்டை முடிச்சிட்டது நாம் மட்டுமல்ல. 2017 ஜனவரி 4இல் இரு கருந்துளைகள் இணைந்த ஈர்ப்பலை கிட்டியது. பின்னர் ஹவாய்த் தொலைநோக்கி கண்ட மங்கும் ஒளியொன்று அதன் விளைவோ என்ற ஐயம் எழுந்தது. நம் நாட்டு அஸ்ட்ரோசாட் துணைக்கோளின் பதிவுகளில், ஏறத்தாழ 21 மணி நேரம் பிந்திய காமாக் கதிர் வெடிப்பு ஒன்று அகப்பட்டது. அந்த ஒளி அவ்வெடிப்பின் மிச்சம். ஈர்ப்பலைக்கும் அதற்கும் உறவில்லை.

திருவாதிரையின் பெயரிலேயே இப்படியொரு பிழை உண்டு. அரபியர் அதனை யதுல் ஜவ்ஸா, ஜவ்ஸாவின் கை என்றனர். யா எழுத்தின் கீழ் இரு புள்ளிகள். லத்தீனில் பெயர்த்தவர் ஒன்றை விட்டுப் படிக்கவே அது பா ஆகி, ஐரோப்பாவில் பெட்டல்ஜூஸ் ஆயிற்று.

அன்றிரவே சிறுவன் வீட்டுக்குச் சென்று, "நாம் சொன்னது தவறு" என்று அவன் தாயார் கேட்கவே சொன்னோம். அவன் வாசற்படிவரை வந்தான். தெருவில் இறங்கவில்லை.

"எது ஹஜ்ரத், அந்தச் செவப்பா?" என்றான்.