நோகாத கட்டி

வவுனியாவிலே மேசன் தொழில் செய்யும் என் தமையனாரின் வலது தொடையில் ஒரு கட்டி இருப்பதை நாங்கள் அறிந்தபோது அது தோடம்பழத்தளவு வளர்ந்துவிட்டது.

"ஏன் அண்ணை, இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நோகேல்லையடா தம்பி. நோகாததுக்கு ஆர் ஒருநாள் கூலியை விடுறது?"

தசை, கொழுப்பு, நரம்பு முதலிய மென்னிழையங்களிலே தோன்றும் இப்புற்றுநோயைச் சார்க்கோமா என்பர். வளர்ந்தோருக்கு வரும் புற்றுநோய்களுள் இது நூற்றுக்கு ஒன்றளவே. சாதாரண கொழுப்புக்கட்டிகளோ எண்ணிறந்தவை. ஆகவே தனியார் மருத்துவமனையொன்றில் அதனையும் கொழுப்புக்கட்டியென்றே கருதி அகற்றிவிட்டார்கள். அகற்றிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பத் தனிக் கட்டணமாம், அண்ணை வேண்டாமென்றாராம். யாரைக் குறைகூறுவது?

ஐந்து சென்றிமீற்றருக்கு மேற்பட்ட, தசைக்குள் ஆழ்ந்த, வளர்ந்துகொண்டே போகின்ற கட்டியைக் கத்தி தொடுமுன் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தல் வேண்டும். ஊசியாற் சிறுதுண்டெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தல் வேண்டும். அவ்வூசி சென்ற வழியையும் பின்னர் கட்டியோடு சேர்த்து அகற்றக்கூடியதாகத் தெரிந்தெடுக்கிறார்கள். அவ்வளவு கவனம் வேண்டிய காரியம், அண்ணைக்கு அரைமணி நேரத்தில் முடிந்திருந்தது.

ஏழாம் மாதம் கட்டி மீண்டும் தோன்றியது. பெரியாஸ்பத்திரியிலே பரிசோதித்து, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். காலை எடுத்துவிடுவார்களோ என்பதே அண்ணையின் பயம். முன்னர் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். 1982இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பேர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 16 பேருக்கு உறுப்பை நீக்கினர். 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தனர். உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்நாற்பத்து மூவரின் தயவில் அண்ணையின் கால் தப்பியது என்றே நான் எண்ணுகிறேன்.

ஐந்து வாரங்களில் 25 தடவை கதிர்ச்சிகிச்சை. பின்னர் பழைய தழும்பையும் சேர்த்துப் பெரியதொரு சத்திரசிகிச்சை. அரசாங்க வைத்தியசாலை ஒரு சதமும் கேட்கவில்லை. இலவச மருத்துவத்தை நாட்டின் பெருமையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் கூலிக்காரன் படுத்தால் அவன் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு? அண்ணியின் தாலிக்கொடி இன்னமும் அடகிலே இருக்கிறது.

அண்ணை இப்போது சாரத்தில் ஏறுவதில்லை. நிலத்தில் நின்றபடி பூச்சுவேலை செய்கிறார். இந்நோய் பரவினால் பெரும்பாலும் சுவாசப்பைக்கே பரவும் என்பதால், மூன்று மாதத்துக்கொருமுறை நெஞ்சுப்படம் எடுக்கப் போகிறோம். வேலைத்தலத்திலே எவரைக் கண்டாலும், "உடம்பிலை கட்டி ஏதும் இருக்கோ?" என்று கேட்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள்.