பயணத் திட்டத்திலும் ஒரு கஸ்ர்



மத்ரஸாவில் ஆண்டுதோறும் பயணியின் தொழுகை பற்றிய பாடத்தை நடத்துகிறேன். நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்குவதையும், அது எத்தனை நாள்வரை செல்லும் என்பதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். மாணவர்கள் மனனம் செய்து ஒப்பிப்பார்கள். இத்தனை ஆண்டுகள் கற்பித்த அந்தப் பாடத்தை நானே கற்றுக்கொள்வதற்கு, இத்தாலிக்கு ஒரு பயணத் திட்டம் தீட்ட வேண்டியிருந்தது.

திருமணமாகி இருபது ஆண்டுகளில் நானும் என் துணைவியும் சேர்ந்து தொலைதூரப் பயணம் எதுவும் சென்றதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை கைக்கு வந்தபோது, ஷவ்வால் மாத விடுமுறையில் ஏழு இரவுகள் இத்தாலியில் தங்கி வரலாம் என்று முடிவு செய்தோம். இன்னொரு முறை இப்படி வாய்க்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்த எண்ணம்தான் என்னைத் தவறிழைக்கச் செய்தது.

ஷெங்கன் விசா விண்ணப்பத்துடன் நாள்வாரியான பயண விவரம், தங்குமிட முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை இணைக்க வேண்டும். ஆகவே ஓரிரவு அமர்ந்து பயண விவரத்தை எழுதினேன். ரோம், நேப்பிள்ஸ், பாம்பேய், ஃபுளோரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான் என்று எழுதிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிசிலித் தீவின் பலெர்மோவையும் சேர்த்தேன். ரயில் அட்டவணை எனக்குத் துணிவூட்டியது. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். நேப்பிள்ஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம். இவ்வளவுதானே என்று எண்ணினேன்.

மறுநாள் காலை அந்தத் தாளைத் துணைவியிடம் நீட்டினேன். அவள் நிதானமாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னங்க, இதுல நாம உட்காருறது எப்போ?"

அவளுக்கு இரண்டாண்டுகளாக வலது முழங்காலில் வலி. அதை அறியாதவனல்லன் நான். அறிந்திருந்தும் அந்தத் தாளில் அதற்கு இடமளிக்கவில்லை. மீண்டும் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தொழுகையைக் கற்பிப்பவன் எழுதிய திட்டத்தில் லுஹருக்கும் அஸருக்கும் ஓர் இடமில்லை. உண்ணுவதற்கும் இல்லை.

பிறகு உண்மையான கணக்கைப் போட்டேன். ரயில் ஒன்றரை மணி நேரத்தில் ஓடிவிடும். ஆனால் அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையம் சேர்ந்து, காத்திருந்து, இறங்கி, அடுத்த விடுதியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குமேல்தான் அறை கிடைக்கும். ஆறு முறை ஊர் மாறினால் மூன்று பகல்கள் பெட்டி தூக்குவதிலேயே கழியும். ஏழு இரவுப் பயணத்தில் மூன்று பகல்கள்!

எனவே ஊர்களைக் குறைக்கத் தொடங்கினேன். மிலான் போயிற்று, நேப்பிள்ஸ், பாம்பேய், பீசா போயின. அடுத்து என் பேனா வெனிஸை அடித்தது. பலெர்மோவை அது தொடவில்லை.

பலெர்மோ மீது எனக்குள்ள பற்றுக்குக் காரணம் உண்டு. முஸ்லிம்கள் 827இல் சிசிலியில் கால் பதித்தார்கள். பலெர்மோ அவர்களின் தலைநகராயிற்று. 1072இல் நார்மானியர் அந்நகரைக் கைப்பற்றிய பின்னரும் அறிவுத் தொடர்பு அறுந்துவிடவில்லை. மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அமர்ந்துதான் அல்இத்ரீஸி தம் புகழ்பெற்ற உலகப் புவியியல் நூலை 1154இல் நிறைவு செய்தார். அம்மன்னரின் அரண்மனைத் தேவாலயத்தில் முகர்னஸ் வேலைப்பாட்டுடன் மரக்கூரை இன்றும் நிற்கிறது. வரலாற்று வகுப்பில் பலமுறை நான் சொல்லி மகிழ்ந்த ஊர் அது.

வெனிஸோ துணைவியின் விருப்பம். பள்ளிப் பருவத்தில் ஒரு நாட்காட்டியில் பார்த்த படம். வாசற்படியில் தண்ணீர் தளும்பும் வீடுகள். அவள் கேட்ட ஒரே ஊர் அதுதான். நான் அதை அடித்திருப்பதைக் கண்டு அவள் கோபிக்கவில்லை. "பரவாயில்லை, பலெர்மோ உங்களுக்கு முக்கியமல்லவா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. என் விருப்பத்திற்கு வரலாறு என்று பெயரிட்டேன். அவள் விருப்பத்தை வெறும் ஆசை என்று ஒதுக்கினேன். இருவரின் சேமிப்பில் செல்லும் பயணத்தில், மஷ்வரா செய்யாமலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறேன். மேலும், ரோமிலிருந்து பலெர்மோவுக்கு ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி மெஸ்ஸினா நீரிணையைக் கடக்கிறார்கள். பயணம் ஏறத்தாழ 12 மணி நேரம். விமானத்தில் சென்றாலும், விமான நிலையத்துக்குப் போய்வரும் நேரத்தைச் சேர்த்தால் அரை நாள். நீதியாலும் கணக்காலும் நீங்க வேண்டியது பலெர்மோதான். அதை அடித்தேன். ஃபுளோரன்ஸையும் அடித்தேன். ரோமும் வெனிஸும் மிஞ்சின. வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது திட்டம் இவ்வாறு அமைந்துள்ளது. புதன்கிழமை ரோமில் இறங்குகிறோம். ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரின் டெர்மினி நிலையத்துக்கு நேரடி ரயில் 32 நிமிடம். அன்று வேறெதுவும் இல்லை. வியாழன் காலை கொலோசியமும் அதையொட்டிய பழைய ரோமானிய மன்றமும். அதற்கான நேரம் குறித்த சீட்டு 30 நாள்களுக்கு முன் விற்பனைக்கு வரும். பெயருடன் வாங்க வேண்டும். வெள்ளி, ஜும்ஆவுக்கு. சனிக்கிழமை பாந்தியோன், நவோனா சதுக்கம், திரெவி நீரூற்று. இவை ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. வத்திக்கான் அருங்காட்சியகத்தை, நடை மிகுதி என்பதால் விட்டுவிட்டோம். செல்ல விரும்புவோர் கவனிக்க: மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும்.

ஞாயிறு காலை ரோமிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். தரைப்பகுதியிலுள்ள மெஸ்த்ரே நிலையத்தில் இறங்கிவிடாமல், தீவிலுள்ள சாந்தா லூசியா நிலையம்வரை செல்ல வேண்டும். வெனிஸின் பாலங்களில் படிகள் உண்டு. எனவே நிலையத்திலிருந்து பாலம் ஏறாமலே அடையக்கூடிய விடுதியைத் தேர்ந்தோம். மற்ற இடங்களுக்கு நீர்ப்பேருந்து. ஒருமுறைச் சீட்டு 9.50 யூரோ என்பதால், பலநாள் சீட்டே சிக்கனம். திங்களும் செவ்வாயும் முழுமையாக அங்கே. புதன்கிழமை வெனிஸிலிருந்தே விமானம் ஏறுகிறோம். ஓர் ஊரில் இறங்கி மற்றோர் ஊரில் ஏறுவதால், மீண்டும் ரோமுக்குத் திரும்பும் ஒரு நாள் மிச்சம்.

ரோமின் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழ எண்ணியுள்ளோம். பாவ்லோ போர்த்தகேசி உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அது 1995இல் திறக்கப்பட்டது. ஃபிளமீனியோ சதுக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் காம்பி ஸ்போர்த்திவி நிலையத்தில் இறங்கினால் அருகில்தான். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை. ஆயினும் பல நாட்டு முஸ்லிம்களுடன் ஒரே வரிசையில் நிற்கும் வாய்ப்பை விட மனமில்லை.

தொழுகை நேரத்தில் ஒரு நுட்பம் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நாங்கள் ரயிலேறும் நாள் அதுவே! அதுவரை ரோமில் லுஹர் 12.15 அளவிலும் மஃரிப் 6.30 அளவிலும் இருக்கும். பிறகு வெனிஸில் லுஹர் 1.15 அளவிலும் மஃரிப் 7.35 அளவிலும் வரும். நான் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவன். வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் நான்கு முழு நாள்கள் தங்க நாடினால் பயணியின் சலுகை நீங்கிவிடும். ரோமில் எங்களுக்கு மூன்று முழு நாள்கள், வெனிஸில் இரண்டு. எனவே லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகளுக்குச் சுருக்குவதற்கான வரம்பு பதினைந்து நாள்; சேர்த்துத் தொழுவதில் அவர்களின் சட்டம் வேறு. நண்பகலில் அறைக்குத் திரும்புவது என்று முடிவு செய்தோம். தொழுகையும் ஆகும்; முழங்காலுக்கும் ஓய்வு.

உணவைப் பொறுத்தவரை, டெர்மினிக்கு அருகிலுள்ள வித்தோரியோ சதுக்கப் பகுதியில் வங்கதேசத்தவர் மிகுதி. ஹலால் கடைகள் உண்டு. மற்ற இடங்களில் மீனும் காய்கறியும். பல உணவகங்கள் பிற்பகல் மூன்றுக்கு மேல் மூடி, இரவு ஏழரை அளவில்தான் திறக்கும் என்பதை நினைவில் கொள்க. ரோம் தெருக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இலவசக் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. உளூவுக்குப் போத்தலில் நிரப்பிக்கொள்ளலாம்.

வெனிஸை நான் துணைவிக்காகவே ஏற்றேன். ஏற்றபின், அந்நகரைப் பற்றிப் படித்தேன். பெருங்கால்வாயின் கரையில் "துருக்கியர் விடுதி" என்று ஒரு மாளிகை உள்ளது. 1621 முதல் 1838 வரை உஸ்மானிய வணிகர்கள் அதில் தங்கினார்கள். தொழுவதற்கும் அதில் இடம் இருந்தது. அதன் இத்தாலியப் பெயரிலுள்ள ஃபோந்தகோ என்ற சொல் நம் அரபு "ஃபுந்துக்" தான். இன்று அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். இன்னொன்றைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். அரபு மொழியில் முழுக் குர்ஆனும் முதன்முதலாக அச்சேறியது வெனிஸில்தான், ஏறத்தாழ 1538இல். பிழைகள் மலிந்த அந்தப் பதிப்பு முஸ்லிம்களிடையே பரவவில்லை. எஞ்சிய ஒரே படி 1980களில் அந்நகரின் துறவியர் நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அதை நான் பார்க்கப் போவதில்லை. அது அச்சான ஊரின் சந்துகளில் நடந்தாலே போதும்.

அவள் விருப்பத்தை வெறும் படம் என்று எண்ணி அடித்தேன். ஓதிக் கொடுப்பவனாகிய எனக்கு உரியதும் அதனுள் இருந்திருக்கிறது.

தொழுகையையே பயணிக்குச் சுருக்கித் தந்தவன் அல்லாஹ். அவன் தந்த சலுகையைத் தொழுகையில் ஏற்றுக்கொண்டு, ஊர்களின் பட்டியலை மட்டும் சுருக்க மறுப்பது என்ன நியாயம்? முதல் முறை செல்வோருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: எழுதியதில் பாதியை அடியுங்கள். ஆனால் எதை அடிப்பது என்று உடன் வருபவரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள்.

எங்கள் பயணம் நலமாய் அமைய துஆ செய்யுங்கள். பலெர்மோவுக்கும் ஒரு நாள் வரும், இன்ஷா அல்லாஹ்.