தொட்டிச் செடிக்கு நல்ல தண்ணீர்

சென்னையில் மாடியில் வளரும் செடிகள் பலவற்றுக்குக் கிடைப்பது போர் தண்ணீர்தான். பார்வைக்கு அது தெளிவாக இருக்கும். வாளியில் பிடித்து வைத்தாலும் தூசு தும்பு தெரியாது. ஆனால் சில வாரங்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவு ஏறும். மல்லி, ரோஜா, பீன்ஸ் இவற்றின் முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கருகத் தொடங்கும். சத்து போதவில்லை என்று எண்ணி உரம் போட்டால் கருகல் இன்னும் விரையும், ஏனென்றால் ரசாயன உரமும் உப்புதான்.

தரையில் நிற்கும் மரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் வேர் ஆழமாகப் போகிறது. மழை ஆண்டுதோறும் உப்பைக் கீழே கழுவிவிடுகிறது. தொட்டியில் அப்படி நடப்பதில்லை. செடி கொஞ்சம் குடிக்கிறது, வெயில் மிச்சத்தை இழுத்துக்கொள்கிறது, உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரை நாளைக்கு ஒரு லிட்டர் ஊற்றினால், ஒரு மாதத்தில் 45 கிராம் உப்பு அந்தத் தொட்டிக்குள் இறங்குகிறது. கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் அதில் உண்டு. எல்லாமே சோற்றுப்பு இல்லை. ஆனாலும் மண்ணில் மொத்த உப்பு ஏற ஏற, வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் வாடுவது இதனால்தான்.

ஆகவே எதற்கும் பணம் செலவழிப்பதற்கு முன் உப்பை அளந்து பார்த்துவிட வேண்டும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1985இல் திருத்தி வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டியின்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை கவனம் வேண்டும். அதற்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்கள் திணறும். பயிருக்குப் பயிர் இது மாறும். பீன்ஸ், கேரட் செடிகளுக்கு ஏறத்தாழ 450இலேயே விளைச்சல் குறையத் தொடங்குகிறது. வெங்காயம் 500 வரையும், மிளகாய் 640 வரையும், தக்காளி 1,100 வரையும் தாங்கும். பீட்ரூட் 1,700 வரை அசையாது. இவை வயலுக்குச் சொன்ன அளவுகள். தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் கறாராக இருப்பதே நல்லது.

மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. சோடியம் எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் கொடுத்துச் சோதிக்கலாம். கட்டணம் மிகக் குறைவு. பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகும். அப்போது புதுத்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். ஒரே கிணற்றை மேயில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் அளப்பது அவசியம். கடலோரப் பகுதிகளில் நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் மேலிருப்பதை இறைத்து எடுக்க எடுக்க, கீழிருக்கும் உப்பு ஏறி வருகிறது.

மாற்றுத் தண்ணீர்களில் மழைநீருக்கு ஈடில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நூறு சதுர அடித் தளத்தில் 25 மில்லிமீட்டர் பெய்தால், சேதாரம் போக 200 லிட்டர் தேறும். ஒரு நீல டிரம் நிறையும். முதலில் வழிந்து வரும் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடித்து, கொசு புகாதபடி வலை கட்டி மூட வேண்டும். நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், தூண் அல்லது உத்தரத்தின் மேல் வைக்க வேண்டும். ஆனால் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. செடி தவிப்பதோ மே மாதத்தில். நாளைக்கு 15 லிட்டர் கேட்கும் சிறு தோட்டத்துக்கு ஒரு டிரம் இரண்டு வாரம்கூட வராது. அதனால் டிரம்களை அடுக்குவதைவிட, மழைநீர்க் குழாயைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்புவதுதான் பெரிய லாபம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது தோண்டிய குழிகளில் பல இன்று சேறு அடைத்துக் கிடக்கின்றன. செப்டம்பருக்குள் ஒரு குழியைத் தூர்வார ஓர் ஆளின் கூலிதான் ஆகும். மழை நின்ற பிறகு வீட்டுப் போரில் உப்பு இறங்குமானால், அந்தத் தண்ணீர் செடிக்கும் உதவும், மனிதருக்கும் உதவும்.

கோடைக்குக் கைகொடுப்பது ஏ.சி. தண்ணீர். புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குச் சொட்டும். இரவு முழுக்க ஓடினால் ஒரு சிறு வாளி நிறையும். அதில் உப்பு அநேகமாக இல்லை, சத்தும் இல்லை. எனவே தனியாக ஊற்றுவதைவிடப் போர் தண்ணீரோடு கலப்பதே மேல். 1,600 காட்டும் தண்ணீரில் பாதிக்குப் பாதி ஏ.சி. தண்ணீர் சேர்த்தால் 800 சொச்சத்துக்கு வந்துவிடும். மிளகாய்க்கு இன்னும் சற்று அதிகம், தக்காளிக்குத் தாராளம்.

ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரைப் பற்றி மிகையான பயமும் உண்டு, மிகையான நம்பிக்கையும் உண்டு. நான்கு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீராக வந்தால், மீதி மூன்று லிட்டரில் உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மெட்ரோ வாட்டர் 400 என்றால் கழிவு 530 அளவில்தான் இருக்கும்; பெரும்பாலான செடிகளுக்கு ஊற்றலாம். போர் தண்ணீர் 1,500 என்றால் கழிவு 2,000ஐத் தொடும். அது வாசல் கழுவத்தான் ஆகும். மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரினைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அந்தச் சிறிய அளவு செடியைக் கெடுக்காது. மனம் கேட்காவிட்டால் ஓர் இரவு வாளியில் திறந்து வைக்கலாம்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் கலங்கலாக இருந்தாலும் செடிக்கு நல்லது. உப்புப் போட்டு வேகவைத்த நீரைச் சேர்க்கக் கூடாது. குளித்த நீர் கல்வாழை, வாழை போன்றவற்றுக்கு ஆகும். சோப்புத்தூளில் சோடியம் நிறைய இருப்பதால் துணி துவைத்த நீர் தொட்டிக்கு ஆகவே ஆகாது. அடுக்ககங்களில் பொருத்தும் சாஃப்ட்னரும் இதே தவற்றைத்தான் செய்கிறது. கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. செடிக்கான குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிட வேண்டும்.

கிடைத்த தண்ணீரை ஊற்றும் முறையிலும் மிச்சம் உண்டு. தினமும் மேலாக நனைத்தால் உப்பு சேரும். ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது அடித்துளை வழியே வழியும்படி விட்டால் உப்பும் கூடவே வெளியேறும். இலைமேல் தெளிக்காமல் வேரில் விடுவது நலம். காய்ந்த சருகாலோ தேங்காய் மட்டைத் துண்டாலோ மூடாக்குப் போட்டால் ஆவியாவது குறையும். தென்னை நார்க்கழிவிலேயே உப்பு இருக்கக்கூடும் என்பதால், அதை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பையில் நிரப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகளைக் கூரைக்கடியில் ஒதுக்காமல் நல்ல மழையில் நனையவிட்டால், ஆண்டு முழுவதும் சேர்ந்ததில் பெரும்பகுதி கழுவிப்போகும்.

மீட்டர் எப்போதும் 2,000க்குப் பக்கத்திலேயே நிற்கும் கடலோர வீடுகளில் பீன்ஸையும் எலுமிச்சையையும் விட்டுவிட்டு, காகிதப்பூ, பருப்புக்கீரை, பீட்ரூட் எனத் தாங்கும் செடிகளுக்கு மாறுவதே சிக்கனம். பீட்ரூட்கூட முளைக்கும் பருவத்தில் உப்பைப் பொறுக்காது. விதைத்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மழைநீரோ ஏ.சி. கலந்த நீரோ விட்டு, நான்கைந்து இலை விட்டதும் போர் தண்ணீருக்கு மாற்றலாம்.