வரிசையில் நிற்காத மாணவி



சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டு கணிதச் சோதனைத் தாள்களை ஒரே இரவில் திருத்தி மறுநாள் மாணவர்களிடம் கொடுத்தேன். மதிப்பெண்ணைக் கூட்டியதில் பிழை. ஆறு பேர் தாளும் கையுமாக என் மேசை முன் வரிசையில் நின்றனர். ஒரு பாடவேளை முழுவதும் அதிலேயே கழிந்தது. முதலில் அவர்கள்மீதுதான் எரிச்சல் எழுந்தது. பாடவேளையை வீணாக்கியது என் அவசரமே என்பது பிறகுதான் உறைத்தது.

பிரித்தானியாவில் மாற்றுத் திறனாளிகள் உதவித்தொகைக்காகச் செய்யும் மேல்முறையீடுகளைப் பற்றி அண்மையில் படித்தபோது, அந்த வரிசை நினைவுக்கு வந்தது.

அங்கு 2013இல் 'பிப்' எனும் உதவித்தொகை அறிமுகமானது. அன்றாட வாழ்வு, நடமாட்டம் என இரு பிரிவுகள். சமைத்தல், குளித்தல், உடுத்துதல், நடத்தல் முதலியவற்றில் ஒருவர் படும் இடர்ப்பாட்டுக்கேற்பப் புள்ளிகள் இடப்படும். ஒரு பிரிவில் 8 புள்ளி பெற்றால் தொகை உண்டு; 12 பெற்றால் கூடுதல் தொகை; 7 என்றால் அப்பிரிவில் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய நம் தேர்வு முறைதான்!

முடிவை ஏற்காதவர் முதலில் அதே துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதன் பின்னரே தீர்ப்பாயத்தை நாடலாம். 2019இல் தீர்ப்பாயம் விசாரித்து முடித்த 'பிப்' வழக்குகளில், 10இல் 7க்கும் மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாக முடிந்தன.

இதற்கான செலவு யாருடையது? மக்களின் வரிப்பணம்தான். 'பிப்' தொகைக்கும், நோயால் வேலை செய்ய இயலாதோருக்கான மற்றோர் உதவித்தொகைக்கும் வந்த மறுபரிசீலனை, மேல்முறையீடுகளுக்காக, 2015 அக்டோபருக்குப் பின் ஏறத்தாழ ஈராண்டில் அத்துறை 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டதாக 2018இல் செய்தி வெளியானது. தீர்ப்பாயத்தை நடத்தும் செலவு தனி. வென்றவருக்கு நிலுவைத் தொகையையும் கொடுத்தாக வேண்டும். ஆக, தொகையும் மிஞ்சவில்லை. மறுத்த செலவும் சேர்ந்தது. உதவித்தொகையைக் கொண்டு வாடகைக்குப் பெற்ற காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தீர்ப்புக்காக வீட்டிலேயே காத்திருந்தவர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

மேல்முறையீடு செய்வோரால்தான் செலவு என்று சொல்வது எளிது. நானும் அன்று அப்படித்தான் எண்ணினேன்.

அந்த ஆறு பேரையும் அனுப்பிய பிறகு, எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவிக்கு 8 மதிப்பெண் குறைந்திருந்தது. "ஏன்மா கேட்கவில்லை?" என்றேன்.

"நீங்கள் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், டீச்சர்."

வரிசையில் நின்ற ஆறு பேரால் எனக்கு ஒரு பாடவேளை செலவானது. நிற்காத அவளோ, என் பிழைக்குத் தானே விலை கொடுக்க இருந்தாள். முறையிடாமல் ஒதுங்கிவிடுவோர் அந்நாட்டிலும் இருக்கத்தானே செய்வர்?

ஆசிரியர்களே, முதல் முறை திருத்தும்போதே நிதானமாகத் திருத்துவோம். பெற்றோர்களே, ஐயம் எழுந்தால் பணிவோடு கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கேட்பது தொல்லையன்று.