ஒளூவுக்கு ஏற்ற நீரெல்லாம் குடிக்க ஏற்றதா?



மக்தபில் தண்ணீர் பற்றிய பாடம் வரும்போது நிறம், சுவை, வாடை என்ற மூன்று தன்மைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். இயல்பு மாறாத கிணற்று நீரும் மழைநீரும் தூய்மையானவை; அவற்றால் ஒளூ கூடும். தருமபுரி மாவட்டத்தில் வாழும் நாம் இந்தப் பாடத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக் கற்க வேண்டியவர்களாக இருக்கிறோம். நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் கரைந்துள்ள ஃபுளோரைடு என்னும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வாடையும் இல்லை. நாவாலும் அறிய முடியாது. ஆகவே, ஒளூவுக்கு முழுத் தகுதியுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர், பிள்ளைக்குக் குடிக்கத் தகாததாக இருக்கக்கூடும்.

தஜ்வீத் கற்பிப்பவருக்குப் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பது அன்றாட வேலை. 'ஃபா' எழுத்தை மொழியும்போது மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொட வேண்டும். அதைச் சரிபார்க்கும்போதுதான் எத்தனை பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்புத் தீற்றல் போன்ற வெண்கோடுகளும், பழுப்புக் கறைகளும் படிந்திருக்கின்றன என்பது தெரிகிறது. பத்து வயதைக் கடந்த பெண்பிள்ளைகள் சிலர் துப்பட்டா நுனியால் வாயை மறைத்துக்கொண்டு ஓதுகிறார்கள். குரல் வளமுள்ள பிள்ளை ஓதல் போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுக்கிறாள். கறை பல்லில் இருந்தாலும், அதன் வலி உள்ளத்தில் இருக்கிறது.

ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்து, "ஹஜ்ரத், இவன் பல்லே ஒழுங்கா தேய்க்கிறதில்லை. நீங்கதான் கண்டிச்சுச் சொல்லணும்" என்றார். அச்சிறுவன் செங்கல் பொடியாலும் தேய்த்துப் பார்த்தவன். ஈறு புண்ணானதே தவிரக் கறை போகவில்லை. "அம்மா, இது அழுக்கு இல்லை. பல் முளைக்கும் முன்னாலேயே உள்ளுக்குள் உண்டானது. இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை" என்று சொன்னேன். அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

நிலைப்பற்களின் எனாமல், பிறந்தது முதல் ஏறக்குறைய எட்டு வயது வரை தாடைக்குள் உருவாகிறது. அக்காலத்தில் மிகுதியான ஃபுளோரைடு உடலில் சேர்ந்தால் எனாமல் குறையுடன் அமைகிறது. பல் வெளிவந்தபின் எவ்வளவு தேய்த்தாலும் அது மாறாது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, முதுகு வளையும் நிலையும் வரலாம். ஒரு லிட்டர் நீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது.

இது புதிய துன்பமும் அன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் இருப்பதை 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தனர். நம் பகுதியின் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு கனிமங்கள் இயற்கையாகவே உள்ளன. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீரில் அவை கரைகின்றன. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம், ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன், ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் வகுக்கப்பட்டது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திட்டத்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வருகிறது. அல்ஹம்துலில்லாஹ், அது பெரும் நிஃமத்.

ஆனால், வாசலுக்கு வந்த நிஃமத்தை வீட்டுக்குள் எப்படிப் பயன்படுத்துகிறோம்? பல வீடுகளில் காவிரி நீரையும் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலந்துவிடுகிறோம். காவிரி நீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோறும் களியும் தேநீரும் நோன்புக் கஞ்சியும் போர் தண்ணீரில் சமைக்கிறோம். சமையலில் சேரும் நீரும் பிள்ளையின் வயிற்றுக்குள்தான் செல்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். சாதாரண மெழுகு வடிகட்டியும் புற ஊதாக் கதிர்க் கருவியும் அதை நீக்குவதில்லை, ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கும்.

எனவே குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரைத் தனிப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். ஒளூவுக்கும், குளிக்கவும், துணி துவைக்கவும் போர் தண்ணீர் போதும். வாய் கொப்பளித்து உமிழ்வதால் கேடு சேராது. குழந்தைக்குப் பால்மாவு கரைக்கப் போர் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஈராண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிக் குர்ஆன் பேசுவதையும் இங்கே நினைவுகூரலாம். சிறுபிள்ளைகளுக்குக் கடுந்தேநீர் வேண்டாம். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு. கால்சியம் மிகுந்த கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, இவற்றோடு நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றை உணவில் சேருங்கள். பற்பசையைப் பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறையைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் தோற்றத்தைக் குறைக்கும் சிகிச்சைகள் உள்ளன.

இது ஒவ்வொரு வீட்டோடும் முடிந்துவிடும் காரியமன்று. பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கும் குழாயில் எந்த நீர் வருகிறது என்பதை ஜமாஅத்தார் அறிந்திருக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் நீரெடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் அளவு தெரிந்துவிடும். ஒளூ செய்யும் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் தனித்தனி வண்ணம் பூசுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

தம் தாயாரின் பெயரால் எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீரையே சொன்னார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்காக வக்ஃபு செய்தார்கள். மறைந்த பெற்றோரின் பெயரால் பள்ளிக்கு மின்விசிறியும் கடிகாரமும் வழங்கும் நம் செல்வந்தர்கள், இம்முறை மதரஸாவுக்கு ஒரு நல்ல குடிநீர்த் தொட்டியை வழங்கட்டும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்று மூன்று வயதாக இருக்கும் குழந்தையின் நிலைப்பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. அவளுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அவள் வாய் திறந்து ஓதும் நாளை நாம் இன்றே ஆயத்தப்படுத்துவோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.