கந்தளாய்க் குளமும் நாரி நோவும்

ஹபரணையிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காடு விலகி வயல் விரியும் இடத்தில் கந்தளாய் இருக்கிறது. இங்கு வருவோர் முதலிற் காண விழைவது குளத்தையே. குளக்கோட்டன் கட்டினான் என்பது தமிழர் மரபுக் கதை. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி அமைத்தான் என்பர் வரலாற்றாசிரியர். 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மீண்டும் கட்டப்பட்ட அவ்வணைமேல் நின்று, ஒருபுறம் கடலெனப் பரந்த நீரையும் மறுபுறம் பச்சை வயலையும் நோக்கினால் நெஞ்சு நிறைகிறது.

வயலோரம் இறங்கியபோது வேறொன்றும் கண்டோம். களை பிடுங்குவோரும் மூட்டை சுமப்போரும் வேலைக்கிடையே இடுப்பிற் கைவைத்து முதுகை நிமிர்த்தினர். ‘நாரி நோ’ என்பது உழவர் வாழும் எவ்வூரிலும் கேட்கும் சொல். அதன் காரணங்களுள் ஒன்று முள்ளந்தண்டின் இடைத்தட்டுத் தேய்வு. வைத்தியர் அப்பெயரைச் சொன்னதும், முதுகே முறிந்தது, இனி மண்வெட்டி தொடலாகாது என்று அஞ்சிப் பாயிற் கிடப்போர் பலர். அவ்வச்சம் வேண்டியதில்லை.

நம் முள்ளெலும்புகளுக்கு இடையில் 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு குளம் எனலாம். நடுவே நீர் மிகுந்த கூழ். சுற்றிலும் நாராலான கரை. பகலில் உடற்பாரம் அழுத்த நீர் சிறிது கசியும்; இரவிற் படுத்திருக்கையில் மீண்டும் ஊறும். மாலையிலும் பார்க்கக் காலையில் நாம் சற்று உயரமாயிருப்பது இதனாலேயே. வயதேற நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைகிறது, தட்டு மெலிகிறது, கரையில் வெடிப்பும் தோன்றலாம். பரம்பரையும் புகைத்தலும் பாரச் சுமையும் இதனை விரைவுபடுத்தக்கூடும்.

ஆயினும் தேய்வெல்லாம் நோவன்று. முதுகு நோவே இல்லாதோரின் ஸ்கான் படங்களைப் பற்றிய ஆய்வுகள் 2015இல் தொகுத்து நோக்கப்பட்டன. 20 வயதினருள் நூற்றுக்கு 37 பேரிடமும், 80 வயதினருள் 96 பேரிடமும் இத்தேய்வு இருந்தது. பெரும்பாலும் நரைமயிர் போல இதுவும் வயதின் அடையாளமே.

வளர்ந்தோரின் இடைத்தட்டுக்குள் குருதிக்குழாய்கள் செல்வதில்லை. அயல் எலும்பிலிருந்து ஊறி வரும் சத்தே அதற்குப் பேருணவு. நெடுநாட் படுக்கையோ தசைகளை மெலியச் செய்யும். ஆகவே நோ கடுமையாயின் ஓரிரு நாள் ஓய்வு போதும். பின்னர் மெல்ல நடத்தல் வேண்டும். மூட்டையைத் தூக்குமுன் முழங்காலை மடித்து, அதனை மார்போடு அணைத்துக்கொள்க; தூக்கியபடி இடுப்பை முறுக்கற்க. குனிந்து வேலை செய்வோர் இடையிடையே நிமிர்ந்து நிற்பது நன்று. முதுகுத் தசையையும் வயிற்றுத் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சியை, அறிந்தவரிடம் கேட்டுப் பழகுக.

நோ தணிய வெந்நீரூற்றை நாடுவோரும் உளர். திருகோணமலை நகருக்கு ஏறத்தாழ 5 மைல் தொலைவில் உள்ளது கன்னியா. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோற்றுவித்தான் என்று கதை கூறும் ஏழு கிணறுகள் அங்குள்ளன; ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறுபடும். அந்நீரை வாளியால் அள்ளி ஊற்ற, இறுகிய தசை இளகும். உடல் இதம் பெறும். தேய்ந்த தட்டை வெந்நீர் மீண்டும் வளர்க்காது. எனினும் அவ்விதத்தோடு எழுந்து நடப்பவருக்கு அதனால் நன்மையே.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. காலில் வலுவிழத்தல், தொடையிடுக்கில் உணர்வு மரத்தல், சலம் போகாமை, மலசலம் அடங்காமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் எண்ணெய் தடவிக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இவை நரம்பு நெருக்குண்டதன் அறிகுறிகளாகலாம்; தாமதித்தால் மீளாத கேடு வரும். ஏனையோரில் மிகப் பலருக்குக் கத்தி வைக்காமலே சுகமுண்டு.

குளத்தின் கரையை ஆண்டுதோறும் பார்த்துச் செப்பனிடும் உழவர், தம் நாரிக்கும் நாளுக்குச் சிறிது நேரம் ஒதுக்குவாராக.