அல்பாகா வேண்டாம்... ஆட்டுக்கிடை போதும்! - கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மகனின் கணக்கு

பஞ்சு மூட்டைக்குக் கழுத்து முளைத்தது மாதிரி இருக்கிறது அல்பாகா. பக்கத்திலேயே செம்மறி ஆடுகள். இரண்டையும் ஒரே புல்வெளியில் வளர்த்து, வருடத்துக்கு ஒருமுறை ரோமம் வெட்டி விற்கிறது ஒரு வெளிநாட்டுக் குடும்பம். செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து, கம்பம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரின் மகனுக்குத் தூக்கமில்லை. டிப்ளமோ முடித்தவன். அப்பாவோடு ஆடு மேய்ப்பதா, திருப்பூருக்கு பஸ் ஏறுவதா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம்.

"நம்ம ஆட்டோட இதையும் விட்டா என்னப்பா?"

அப்பா சிரிக்கவில்லை. "இம்புட்டு முடிய வெச்சுக்கிட்டு சித்திரை வெயில்ல அது எங்கனய்யா நிக்கும்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. அல்பாகா, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலையில், 3,500 மீட்டருக்கும் மேலான குளிரில் வாழப் பழகியது. ரோமம் அவ்வளவு மென்மையாக இருப்பதும் அந்தக் குளிருக்காகத்தான். பதினொன்றரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும். நம் செம்மறிக்கு ஐந்து மாதம் போதும். நரியை விரட்டவும் அல்பாகாவை வளர்க்கிறார்கள். தேனிக்காரர்களுக்கு அந்த வேலைக்குக் கோம்பை நாய் இருக்கிறது!

சரி, ஆட்டிலாவது கம்பளி எடுக்கலாமா? வேம்பூர், கச்சைகட்டி கருப்பு, ராமநாதபுரம் வெள்ளை என்று தென்மாவட்டச் செம்மறிகள் எல்லாமே கறிக்கானவை. குட்டை முடிதான், கம்பளி கிடையாது. அதைத் தேடினால் மலையேற வேண்டும். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே மேய்வது பாரத் மெரினோ. ராஜஸ்தானின் சோக்லா, நாலி போன்ற ஆடுகளோடு வெளிநாட்டு மெரினோ, ராம்பூலே இனங்களைக் கலந்து உருவாக்கியது. நீலகிரிக்கு அதன் பெயரிலேயே ஒரு கம்பளி ஆடு உண்டு. இரண்டுக்குமே வேண்டியது மலைக்குளிர். பள்ளத்தாக்குக்கு ஓட்டி வந்தால் கதை வேறு.

அப்படியென்றால் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஆடு என்னதான் தருகிறது?

புழுக்கை!

முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற மண் இது. அறுப்பு முடிந்ததும் ஆடுகள் வயலில் இறங்கும். பகலில் தாள் மேயும், இரவில் வலைப்பட்டிக்குள் அடையும். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் விழும். மறுநாள் பட்டியைத் தள்ளிப் போடுவார்கள். 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று பெரியவர்கள் சொல்வது, இந்த எரு உடனே பலன் தருவதால்தான். ஆட்டின் எண்ணிக்கையைப் பார்த்து, ராத்திரிக்கு இவ்வளவு என்று கிடைக்கூலி. குட்டி விற்ற காசு தனி. அல்பாகா ரோமத்தை வழக்கமாக வருடத்துக்கு ஒரு தடவைதான் வெட்டுவார்கள். கிடைக்கூலியோ, கிடை போட்ட ஒவ்வொரு ராத்திரிக்கும் உண்டு.

மகன் இந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தான். அல்பாகாவை அடித்துவிட்டான். ஆனால், அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. வயல் அறுப்பாகிற வரை ஆட்டை எங்கே மேய்ப்பது?

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களில் கால்நடைகளை மேய்க்க 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டும்தான். அதே சமயம், ஊர்ப்பக்கத்துத் தரிசுகளும் கல் ஊன்றிய மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. அறுப்புக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே கிடைக்கிற சில வாரங்களை வைத்து ஒரு மந்தையை வருடம் முழுக்கக் காப்பாற்ற முடியாது.

வெளிநாட்டு விலங்கைத் தேடிப் போகும் பிள்ளைகளுக்கு அப்பாவின் ஆட்டைப் பிடிக்காமல் இல்லை. அந்த ஆட்டுக்கு இடமில்லாமல் போவதைத்தான் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கண்மாய்க் கரையிலும் ஊர்ப் பொதுவிலும் ஆடு மேய ஓர் ஓரம் மிச்சமிருந்தால், யூரியாவுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை விவசாயி கிடைக்குத் தந்தால், இந்தத் தொழில் இன்னொரு தலைமுறை நிற்கும்.

அவன் இன்னும் திருப்பூர் பஸ் ஏறவில்லை. அறுப்பு முடிந்ததும் கிடை போட எத்தனை வயல்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறான்.